ஹையலூரோனிக் அமிலமும் சருமப் பராமரிப்பும்

ஹையலூரோனிக் அமிலம் என்பது மனிதர் உள்ளிட்ட முதுகெலும்பிகளின் உடலில் இயற்கையாகக் காணப்படும் ஒரு கூட்டுச்சர்க்கரை ஆகும். இது தோல், கண், மூட்டுகள் ஆகியவற்றில் நீரைத் தக்கவைக்கவும் உராய்வைக் குறைக்கவும் உதவுகிறது. சருமப் பராமரிப்பில் இது சீரம், களிம்பு முதலிய வடிவங்களில் ஈரப்பதமூட்டியாகப் பயன்படுகிறது. உடலில் இயற்கையாக உள்ள அமிலம், தோலின் மீது பூசப்படும் அமிலம், ஊசி மூலம் செலுத்தப்படும் அமிலம் ஆகிய மூன்றும் வேதியியலில் நெருங்கியவை. எனினும் இவற்றின் விளைவுகள் வேறுவேறானவை.

பெயரும் கண்டுபிடிப்பும்

1934ஆம் ஆண்டில் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய கார்ல் மேயர், ஜான் பால்மர் ஆகியோர் மாட்டின் கண்ணை நிரப்பியுள்ள கூழ்ப்பொருளிலிருந்து இதனைப் பிரித்தெடுத்தனர். கண்ணாடியைக் குறிக்கும் 'ஹையலோஸ்' என்னும் கிரேக்கச் சொல்லும், இதன் பகுதிப்பொருளான யூரோனிக் அமிலத்தின் பெயரும் இணைந்து இப்பெயர் உருவானது.

பெயரில் அமிலம் என்னும் சொல் இருப்பினும், இது தோலை உரிக்கும் தன்மையுடையது அன்று. கிளைக்கோலிக் அமிலம், சாலிசிலிக் அமிலம் போன்றவை இறந்த உயிரணுக்களை அகற்றுகின்றன. ஹையலூரோனிக் அமிலம் அவ்வாறு செய்வதில்லை. உடலில் இது பெரும்பாலும் ஹையலூரோனேட்டு என்னும் உப்பு வடிவிலேயே உள்ளது. விற்பனைப் பொருள்களின் மேலுறையில் காணப்படும் 'சோடியம் ஹையலூரோனேட்' என்பது இதன் சோடியம் உப்பாகும்.

அமைப்பு

குளுக்குரோனிக் அமிலம், அசிட்டைல் குளுக்கோசமைன் ஆகிய இரண்டு சர்க்கரை அலகுகள் மாறிமாறி இணைந்த, கிளைகளற்ற நீண்ட சங்கிலியே இதன் மூலக்கூறாகும். ஓர் இணையின் எடை ஏறத்தாழ 380 டால்ட்டன். பத்து இலட்சம் டால்ட்டன் எடையுள்ள ஒரு மூலக்கூறில் சுமார் 2,600 இணைகள் இருக்கும்.

உடலில்

70 கிலோகிராம் எடையுள்ள ஒருவரின் உடலில் ஏறத்தாழ 15 கிராம் ஹையலூரோனிக் அமிலம் உள்ளது. இதில் சுமார் பாதி தோலில் காணப்படுகிறது. இது நிலையாகத் தங்கும் பொருள் அன்று. ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு நாள்தோறும் சிதைக்கப்பட்டுப் புதிதாக உருவாக்கப்படுகிறது. சிதைக்கும் பணியைச் செய்யும் நொதிகளுள் ஹையலூரோனிடேசு முதன்மையானது. வயது ஏறும்போது மேற்றோலில் இவ்வமிலத்தின் அளவு குறைகிறது.

தயாரிப்பு

தொடக்கத்தில் சேவற்கொண்டையிலிருந்து இது பெருமளவில் பிரித்தெடுக்கப்பட்டது. தற்போது அழகுப்பொருள்களுக்கான அமிலம் பெரும்பாலும் பாக்டீரியாக்களைக் கொண்டு நொதித்தல் முறையில் தயாரிக்கப்படுகிறது.

தோலின் மீது பூசும்போது

தோலின் வெளிப்புறத்தில் இறந்த உயிரணுக்களாலான கொம்புப் படலம் உள்ளது. பொதுவாக 500 டால்ட்டனுக்கு மேற்பட்ட எடையுள்ள மூலக்கூறுகள் இப்படலத்தை எளிதில் கடப்பதில்லை. பல இலட்சம் டால்ட்டன் எடையுள்ள ஹையலூரோனிக் அமிலம் தோலின் மேற்பரப்பிலேயே மெல்லிய படலமாகத் தங்கிவிடுகிறது. அங்கு நீரைப் பிடித்து வைப்பதால் கொம்புப் படலம் சற்று உப்பி, தோல் மென்மையாகவும் மெல்லிய சுருக்கங்கள் குறைந்தும் தோன்றும். கழுவியதும் இவ்விளைவு படிப்படியாக மறையும்.

சிறு துண்டுகளாக உடைக்கப்பட்ட அமிலம் கொம்புப் படலத்தினுள் ஓரளவு செல்லக்கூடும். எனினும் பூசப்படும் அமிலம் உட்தோலில் இழந்த அமிலத்தை ஈடுசெய்யும் என்று கொள்வது சரியன்று.

'ஆயிரம் மடங்கு நீர்'

இவ்வமிலம் தன் எடையைப் போல் ஆயிரம் மடங்கு நீரை ஈர்த்து வைக்கும் என்று விளம்பரங்களில் கூறப்படுவதுண்டு. 1 கிராம் அமிலத்தை 1 லிட்டர் நீரில் கரைத்தால் 0.1 விழுக்காட்டுக் கரைசல் கிடைக்கும். நீண்ட சங்கிலிகள் சுருண்டு பெரும் இடத்தை அடைத்துக்கொள்வதால் அக்கரைசல் வழுவழுப்பாகிறது. ஆனால் மூலக்கூறுடன் நேரடியாகப் பிணைந்திருக்கும் நீர் அதில் மிகச் சிறு பகுதியே. எஞ்சிய நீர் வழக்கம்போல் ஆவியாகும்.

இதனாலேயே இவ்வமிலம் மட்டும் வறண்ட சருமத்திற்குப் போதுமானதாவதில்லை. கிளிசரின் மலிவான, சிறிய மூலக்கூறு கொண்ட பொருளாகும். ஈரப்பதமூட்டும் பணியை அதுவும் நன்கு செய்கிறது.

பயன்படுத்தும் முறை

- முகத்தை மென்மையான கழுவியால் கழுவி, முழுவதும் உலரும் முன், ஈரம் இருக்கும்போதே சீரத்தைப் பூசுதல்.
- அதன் மேல் ஈரங்காக்கும் களிம்பு பூசுதல். பெட்ரோலியக் களிம்பு, எண்ணெய்கள் போன்றவை நீர் ஆவியாவதைத் தடுக்கின்றன. குளிரூட்டப்பட்ட அறை, பனிக்காலம் போன்ற வறண்ட சூழலில் இப்படி தவிர்க்கத்தக்கதன்று.
- பகல் வேளையில் இறுதியாக வெயில்காப்புக் களிம்பு பூசுதல்.

இதனை ரெட்டினாய்டு, நியாசினமைடு, வைட்டமின் சி ஆகியவற்றுடன் சேர்த்துப் பயன்படுத்தலாம். பூசப்படும் அமிலம் அரிதாகவே எரிச்சல் தரும். எரிச்சல் ஏற்படின், அதே பொருளிலுள்ள நறுமணப் பொருள்களோ பதப்படுத்திகளோ காரணமாக இருக்கலாம்.

ஊசி மூலம் செலுத்துதல்

சங்கிலிகள் ஒன்றோடொன்று பிணைக்கப்பட்ட ஹையலூரோனிக் அமிலக் கூழ், சுருக்கங்களை நிரப்ப ஊசி மூலம் செலுத்தப்படுகிறது. இத்தகைய 'ரெஸ்டிலேன்' என்னும் பொருளுக்கு ஐக்கிய அமெரிக்காவில் 2003ஆம் ஆண்டில் ஒப்புதல் அளிக்கப்பட்டது. பிணைப்புகள் காரணமாக இக்கூழ் மாதக்கணக்கில் சிதையாமல் இருக்கும்.

இது அழகுநிலையச் செயல் அன்று, மருத்துவச் செயலாகும். கூழ் தவறுதலாக இரத்தக் குழாயினுள் சென்றால் தோல் திசு இறத்தல், நிலையான பார்வையிழப்பு ஆகியவை நேரலாம். அடைப்பு ஏற்பட்டால் ஹையலூரோனிடேசு நொதியை உடனடியாகச் செலுத்திக் கூழைக் கரைக்க முயல்வர். ஊசியின்றி அழுத்தத்தால் கூழைச் செலுத்தும் பேனா போன்ற கருவிகளைப் பயன்படுத்த வேண்டாம் என்று அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2021ஆம் ஆண்டில் எச்சரித்தது. இக்கருவிகளை வாங்கித் தமக்குத் தாமே செலுத்திக்கொண்டோருக்குத் தோலிலும் உதட்டிலும் காயங்கள் ஏற்பட்டிருந்தன. பூசுவதற்கான சீரத்தை எந்த வகையிலும் தோலினுள் செலுத்தக் கூடாது.