பங்கீட்டில் நீதி எது?

உலகிலுள்ள பொருள்கள் யாவும் வேண்டுவார் அனைவருக்கும் வேண்டிய அளவு கிடைக்குமாயின், நீதி என்னும் சொல்லுக்கே அதிக வேலை இராது. வீசும் காற்றைப் பங்கிடுவதற்கு எவரும் நீதிமன்றம் ஏறுவதில்லை. வாய்க்கால் நீர் குறையும்போதே வயற்காரரிடையே வழக்குத் தோன்றுகின்றது. பொருள் சிறிதாகவும் வேண்டுவோர் பலராகவும் இருக்குமிடத்தில், ‘யாருக்கு எவ்வளவு, எக்காரணத்தால்?’ என்னும் வினா எழுகின்றது. இவ்வினாவை ஆராயும் துறையையே அறிஞர் பங்கீட்டு நீதி என்பர்.

ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். பிள்ளைகள் மூவர், ஒருவரை மாத்திரமே மேற்படிப்புக்கு அனுப்பப் பெற்றோரிடம் பணம் உண்டு. மூத்தவன் தன் படிப்பை நிறுத்திக் கடையிலே நின்று உழைத்து மற்ற இருவருக்கும் சோறிட்டவன். இரண்டாமவன் வகுப்பில் முதல்வன். இளையவள் நெடுநாள் நோயினாற் பின்தங்கியவள். இப்பொழுது கைகொடுப்பார் இல்லையேல் பின்னர் முன்னேறுவது அரிது. உழைப்பை நோக்கினால் மூத்தவனுக்கும், திறமையை நோக்கினால் இரண்டாமவனுக்கும், தேவையை நோக்கினால் இளையவளுக்கும் அப்பணம் உரியதாகின்றது. மூன்றும் நல்ல நியாயங்களே. நீதிக்கும் அநீதிக்கும் இடையே தேர்வது எளிது; நியாயத்துக்கும் நியாயத்துக்கும் இடையே தேர்வதே கடினம்.

இக்கடினத்தைப் பண்டைக் கிரேக்க அறிஞர் அரிஸ்டோட்டில் நன்கு உணர்ந்திருந்தார். ஒத்தாருக்கு ஒத்த பங்கும், ஒவ்வாதாருக்கு அவரவர் தகுதிக்கேற்ற பங்கும் அளிப்பதே நீதி என்பது அவர் கொள்கை. தகுதிக்கேற்பப் பங்கிட வேண்டுமென எல்லோரும் ஒப்புவர். எது தகுதி என்பதிலேதான் பிணக்கு என்பதையும் அவரே சுட்டிக்காட்டினார். நல்ல புல்லாங்குழல் யாருக்கு உரியது? செல்வனுக்கன்று, உயர்குடிப் பிறந்தானுக்கன்று, நன்றாக ஊதத் தெரிந்தவனுக்கே என்றார் அவர். பொருளின் பயன் எதுவோ, அதுவே தகுதியைக் காட்டும் என்பது இதன் கருத்து.

ஆங்கில அறிஞர் பெந்தம் வேறொரு வழியிற் சென்றார். எந்த ஏற்பாட்டினால் மக்களின் மொத்த இன்பம் மிகுமோ அதுவே நன்று என்பது அவர் கணக்கு. ஆனால் மொத்தத்தைக் கூட்டும்போது தனியொருவனின் கண்ணீர் பெருந்தொகையில் மறைந்து போகக்கூடும் என்பது இக்கொள்கையின் குறை.

இக்குறையை நீக்க முயன்றவர் அமெரிக்க அறிஞர் ஜோன் ரோல்ஸ். 1971 ஆம் ஆண்டு வெளிவந்த நீதிக் கொள்கை பற்றிய தமது நூலில் அவர் ஓர் அரிய சோதனையைக் கூறினார். நாம் செல்வர் வீட்டிற் பிறப்போமா வறியவர் குடிசையிற் பிறப்போமா, எவ்வினத்தில், எத்தகைய அறிவுடன் பிறப்போம் என்பதொன்றும் அறியாதபடி ஒரு திரை எம் கண்ணை மறைத்திருப்பதாகக் கொள்வோம். அந்நிலையில் எத்தகைய சமுதாய விதிகளை நாம் ஏற்றுக்கொள்வோமோ அவையே நீதியான விதிகள் என்றார். அடிப்படைச் சுதந்திரங்கள் யாவருக்கும் சமமாதல் வேண்டும். ஒத்த திறமையும் ஒத்த முயற்சியும் உடையோருக்கு, எக்குடியிற் பிறந்தவராயினும், ஒத்த வாய்ப்பு இருத்தல் வேண்டும். ஏற்றத்தாழ்வு உண்டாயின் அது கடைநிலையில் உள்ளாருக்கும் நன்மை பயத்தல் வேண்டும். இவை அவர் கண்ட முடிபுகள்.

அவருடன் ஒரே பல்கலைக்கழகத்திற் கற்பித்த றொபேட் நொசிக் 1974 இல் இதனை மறுத்து நூலெழுதினார். ஒருவன் நேர்வழியில் ஈட்டியதைப் பிறர் நலத்துக்கென எடுத்துப் பங்கிட அரசுக்கு உரிமையில்லை என வாதிட்டார். பொருள் எவ்வாறு வந்தது என்பதே கேள்வி. எவ்வாறு பரந்து கிடக்கின்றது என்பதன்று என்பது அவர் நிலை.

இவை மேல்நாட்டார் தமக்குள் நடத்திய வாதங்கள் என நாம் ஒதுக்கிவிட இயலாது. ரோல்ஸின் நூல் வெளிவந்த அதே 1971 ஆம் ஆண்டில் இலங்கையில் பல்கலைக்கழக அனுமதியில் இவ்வினா வீடுதோறும் எழுந்தது. 1945 முதல் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வி எண்ணற்ற பிள்ளைகளை உயர்கல்வியின் வாயில் வரை கொண்டுவந்தது, வாயிலோ குறுகியதாயிருந்தது. பேராதனைப் பொறியியல் பீடத்தில் இடம்பெற, 400 புள்ளிகளில் தமிழ்மொழி மூல மாணவர் 250 பெறவேண்டியிருக்க, சிங்களமொழி மூல மாணவருக்கு 227 போதுமென்றாயிற்று. 1974 இல் மாவட்டப் பங்கீடும் வந்து சேர்ந்தது. இவற்றால் நேர்ந்த மனக்கசப்பும் அதன் விளைவுகளும் நாடறிந்தவை.

இங்கே நாம் இரண்டு வேறுபட்ட விதிகளைப் பிரித்தறிதல் வேண்டும். ஒருவன் பரீட்சை எழுதிய மொழியை நோக்கி அவனுக்கு வேறு அளவுகோல் வைப்பது ஒன்று. அவன் கற்ற ஊரில் ஆய்வுகூடமும் விஞ்ஞான ஆசிரியரும் இருந்தார்களா என நோக்குவது மற்றொன்று. மொழி ஒரு குறைபாடன்று. ஆதலின் அதற்காக ஒருவனை உயர்த்துவதற்கோ தாழ்த்துவதற்கோ ரோல்ஸின் திரைக்குப் பின்னால் நிற்பவர் எவரும் இசையார். வசதியின்மையோ உண்மையான குறைபாடு. அதற்கு ஈடுசெய்வதை அவர் மறுப்பது அரிது.

மாவட்ட முறையால் யாழ்ப்பாணத்து மாணவர் பலர் இடமிழந்தனர் என்பது உண்மை. மட்டக்களப்பு, மன்னார், வவுனியா முதலிய இடங்களிலுள்ள பின்தங்கிய பாடசாலைகளின் மாணவருக்கு அம்முறை கதவைச் சிறிது திறந்தது என்பதும் உண்மை. அவர்களும் தமிழ்ப் பிள்ளைகளே. எமக்கு இழப்பானபோது அநீதி என்றும், எம்மவருக்கு ஆதாயமானபோது நீதி என்றும் கூறுவோமாயின் நாம் பேசுவது நீதியாகாது.

பிற்காலத்தில் விதிகள் பலமுறை திருத்தப்பட்டன. இப்பொழுதுள்ள முறைப்படி, கலைப் பாடநெறிகள் நீங்கலாகப் பெரும்பாலானவற்றுக்கு 40 வீதம் வரையான இடங்கள் அகில இலங்கைத் திறமை வரிசையிலும், 55 வீதம் வரை மாவட்டங்களின் சனத்தொகைக்கேற்பவும், 5 வீதம் வரை கல்வியிற் பின்தங்கியவையெனக் கொள்ளப்பட்ட 16 மாவட்டங்களுக்கும் வழங்கப்படுகின்றன. அந்தப் பதினாறில் முல்லைத்தீவும் நுவரெலியாவும் இருப்பதில் வியப்பில்லை. ஒருகாலத்தில் முன்னணியில் நின்ற யாழ்ப்பாணமும் அப்பட்டியலிற் சேர்ந்துள்ளமை காலச்சக்கரம் சுழலும் என்பதைக் காட்டுகின்றது. திரைக்குப் பின்னால் நின்று விதி செய்க என்ற அறிவுரையின் பொருள் இதனால் நன்கு விளங்கும்.

எனினும் மாவட்டம் ஒரு பருமட்டான அளவுகோல். நுவரெலியா நகரத்து வைத்தியரின் மகனும், தோட்டத்து லயத்தில் விளக்கொளியிற் படிக்கும் கொழுந்து பறிப்பவரின் மகளும் ஒரே மாவட்டத்தினர். ஒரே வரிசையில் நிற்கின்றனர். கொழும்பு மாவட்டத்துச் சேரிப்பிள்ளையோ முன்னேறிய மாவட்டத்தான் எனக் கணிக்கப்படுகின்றான். தேவைக்கு ஈடுசெய்ய எழுந்த விதி, தேவையுடையவனைக் காணாது கடந்து போவதும் உண்டு.

‘இரவு பகலாக உழைத்துப் பெற்ற புள்ளி என்னுடையதன்றோ?’ என்று மாணவன் கேட்பது நொசிக்கின் கேள்வியே. அதில் நியாயமுண்டு. உழைப்பு அவனுடையதுதான். ஆனால் நல்லாசிரியர், நூல்நிலையம், தனிவகுப்புக்குச் செலுத்திய பணம் ஆகியவற்றை அவன் உழைத்துப் பெறவில்லை. அதேவேளை, சில புள்ளிகளால் இடமிழந்தவனும் எக்குற்றமும் செய்தவனல்லன். பிறருடைய குறையைத் தீர்க்கும் செலவை அவன் ஒருவனே சுமக்கும்படி விடுவதும் முறையாகாது.

ஆதலின் நாம் சில முடிவுகளுக்கு வரலாம். விதி முன்கூட்டியே யாவரும் அறிய அறிவிக்கப்படுதல் வேண்டும். அது இனத்தையோ மொழியையோ நோக்காது உண்மையான குறைபாட்டையே நோக்குதல் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, பங்கீட்டு விகிதம் மருந்தேயன்றி உணவாகாது. பின்தங்கிய பாடசாலைக்குக் கணித ஆசிரியரையும் ஆய்வுகூடத்தையும் அளிப்பதே உணவு. மருந்தைக் கொடுத்துக்கொண்டே உணவை மறுக்கும் நாட்டில் நோய் தீராது.

மாணவ வாசகர்கள் இதிலிருந்து ஒரு பயிற்சியை மேற்கொள்ளலாம். அடுத்தமுறை ஒரு விதியை நியாயம் என்றோ அநியாயம் என்றோ கூறுமுன், அவ்விதியினால் மிகவும் பாதிக்கப்படும் ஒருவனின் இடத்தில் தம்மை வைத்துப் பார்க்கட்டும். அங்கிருந்து நோக்கும்போதும் அதே தீர்ப்பு வாயில் வருமாயின், அத்தீர்ப்பில் நாம் ஓரளவு நம்பிக்கை வைக்கலாம்.