கல்மூங்கிலில் தூண்டில்: வீட்டிலேயே செய்யலாம்

ஐப்பசியில் மழை இறங்கிவிட்டால் மரக்காணம் உப்பளங்களில் வேலை நின்றுவிடும். பாத்திகளில் மழைநீர் தேங்கி, உப்பு எடுத்த இடம் தெரியாமல் போய்விடும். பக்கத்துக் கிராமங்களில் நடவு முடிந்து, களையெடுப்புக்குக் காத்திருக்கும் நேரமும் அதுவே. ஏரி, குட்டைகள் நிரம்பும். பக்கிங்காம் கால்வாயில் நல்ல தண்ணீரும் உப்புத் தண்ணீரும் கலக்கும். கையில் காசு குறைவாகவும் பொழுது அதிகமாகவும் இருக்கும் இந்த மாதங்களில்தான் கூரையில் செருகிய தூண்டில் கீழே இறங்கும்.

அந்தத் தூண்டில் இப்போது பெரும்பாலும் கடையில் வாங்கியதாக இருக்கிறது. கண்ணாடி இழைக் கம்பு, இரும்பு வளையம், சுருள் எல்லாம் சேர்ந்து வாங்கும்போது பளபளப்பாகத்தான் இருக்கும். உப்புக்காற்று படும் ஊரில் முதலில் வளையம் துருப்பிடிக்கும். பிறகு சுருள் இறுகும். மலிவான சாமான் ஒரு மழைக்காலத்தைத் தாண்டுவதே அபூர்வம். கடற்கரையில் நின்று அலைக்கு அப்பால் வெகுதூரம் எறிய வேண்டுமானால் கடைத் தூண்டில்தான் சரி, அதை மறுப்பதற்கில்லை. ஆனால் கால்வாய்க் கரையிலும் பண்ணைக் குட்டையிலும் ஜிலேபி, கெளுத்தி, மடவை பிடிப்பதற்கு மூங்கிலே போதும். சரியான மூங்கிலைச் சரியான முறையில் பக்குவம் செய்தால் பல ஆண்டுகள் உழைக்கும். பழுதானால் அதைச் செய்தவரே சரிசெய்துகொள்ளலாம். கடைச் சாமானில் அது நடக்காது.

மூங்கில் தூண்டில் நம் பகுதிக்குப் புதியது அல்ல. தொண்டை நாட்டைப் பற்றிச் சொல்லும் பெரும்பாணாற்றுப்படையிலேயே நீண்ட மூங்கில் கோல், கயிறு, வளைந்த இரும்பு முள், இரை வைக்கும் தோல் பை ஆகியவற்றோடு மீன் பிடிக்கும் பாணன் வருகிறான். இன்றைய தூண்டிலிலும் அடிப்படைச் சாமான்கள் இவையேதான்.

இன்னொரு சேதி பலருக்கு வியப்பாக இருக்கும். 19-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் விலை உயர்ந்த தூண்டில்களைச் செய்தவர்கள் நம் நாட்டு மூங்கிலையே வாங்கினார்கள். கல்கத்தா துறைமுகம் வழியாகப் போனதால் அதற்குக் ‘கல்கத்தா மூங்கில்’ என்று பெயர். அது பெரும்பாலும் நாம் கல்மூங்கில் என்று சொல்லும் இனமே என்று கருதப்படுகிறது. பிற்பாடு சீனாவின் குவாங்துங் பகுதியில் விளையும் டோங்கின் மூங்கில் அந்த இடத்தைப் பிடித்தது. 1950-இல் அமெரிக்கா சீனாவுடன் வியாபாரத்தை நிறுத்தியபோது அந்த மூங்கிலும் கிடைக்காமல் போயிற்று. கண்ணாடி இழைத் தூண்டில் அங்கே வேகமாகப் பரவியதற்கு அதுவும் ஒரு காரணம். இன்றும் அந்த நாடுகளில் மூங்கில் தூண்டிலைத் தங்கள் கையாலேயே செய்து, மகனுக்கும் பேரனுக்கும் விட்டுச் செல்பவர்கள் உண்டு.

கல்மூங்கில் வறண்ட மலைச்சரிவுகளில் விளைவது. வறண்ட இடத்தில் வளர்ந்த கழி ஏறக்குறைய உள்ளே கெட்டியாகவே இருக்கும். பெருமூங்கில் இதற்கு உதவாது. உள்கூடு பெரிது, சுவர் பிளந்துகொள்ளும். சவுக்குக் கம்பு நம் கரையில் தாராளமாகக் கிடைக்கிறதே என்று சிலர் எடுப்பார்கள். அது கனம், காய்ந்தபின் வளைவதைவிட ஒடிவதே அதிகம். மூங்கிலை மூங்கில் மண்டியிலோ, சொந்த நிலத்தில் வளர்ப்பவரிடமோ வாங்க வேண்டும். காப்புக்காட்டில் வெட்டுவது குற்றம்.

மூன்று வயதுக் கழியே ஏற்றது. இளங்கழியில் வெள்ளை மாவு பூசியது போல இருக்கும். கணுவில் மட்டை ஒட்டியிருக்கும். காய்ந்தால் சுருங்கிக் கோணிப்போகும். முற்றிய கழியின் பச்சை மங்கியிருக்கும். கத்தியின் பின்புறத்தால் தட்டினால் கணீரென்று கேட்கும். மார்கழி, தை மாதங்களில் வெட்டியது நல்லது. முளை கிளம்பி வளரும் பருவத்தில் வெட்டியதை வாங்கக் கூடாது. தேய்பிறையில் வெட்ட வேண்டும் என்று பெரியவர்கள் சொல்வதுண்டு. பிறையைவிட வயதும் பருவமும்தான் முக்கியம். அடி கட்டைவிரல் கனம், நுனி பென்சிலைவிடச் சன்னம், நீளம் 10 முதல் 12 அடி இருந்தால் போதும்.

மூங்கில் உளுத்துப்போவதற்குக் காரணம் அதிலுள்ள மாவுச்சத்து. அதைத் தின்னத்தான் வண்டு துளைக்கிறது. கழியின் கீழே வெள்ளைத் தூள் கொட்டுவது அதனால்தான். இதற்கு மருந்து வாங்க வேண்டியதில்லை. வெட்டிய கழியை இரண்டு, மூன்று வாரம் தண்ணீரில் அமிழ்த்தி வைத்தால் மாவுச்சத்து கரைந்து வெளியேறும். கல்லைக் கட்டிக் குட்டையிலோ கால்வாயிலோ போட்டுவிடலாம். தண்ணீர் நாறும், அது சத்து வெளியேறுவதன் அடையாளம். குடிநீருக்கும் மாடு குடிப்பதற்கும் உள்ள குளத்தில் மட்டும் ஊறப்போடக் கூடாது. எடுத்ததும் நல்ல தண்ணீரில் கழுவி, நிழலில் ஒரு மாதம் காயவிட வேண்டும். அவசரப்பட்டு வெயிலில் போட்டால் கணுவுக்குக் கணு வெடித்துவிடும்.

அடுத்தது நிமிர்த்துவது. தூண்டில் செய்வதில் பொறுமை அதிகம் வேண்டிய கட்டம் இது. அடுப்புக்கரியைத் தணலாக்கி, கோணல் உள்ள கணுவில் சிறிது விளக்கெண்ணெய் தடவி, தணலுக்கு மேலே சுழற்றிச் சுழற்றிக் காட்ட வேண்டும். தீநாக்கு படக் கூடாது. சூடேறியதும் மூங்கில் இளகும். அப்போது முழங்காலில் வைத்து மெல்ல நிமிர்த்தி, ஆறும்வரை பிடித்திருக்க வேண்டும். ஒரே தடவையில் நிமிர்த்தப் பார்த்தால் ஒடியும். எல்லாக் கணுவும் முடிந்தபின் கழியை நுனி கீழாக விட்டத்தில் தொங்கவிட்டு, நுனியில் அரைக் கிலோ கல் கட்டி ஒரு வாரம் விட்டுவிட வேண்டும். பிறகு ஒரு கண்ணை மூடிக்கொண்டு அடியிலிருந்து நுனிவரை பார்த்தால் கழி தானே சொல்லும், எங்கே இன்னும் பாக்கி இருக்கிறதென்று.

கணுக்களை அரத்தால் இலேசாகத் தேய்க்கலாம். பட்டையைச் சீவக் கூடாது. மூங்கிலின் பலமெல்லாம் பட்டையை ஒட்டிய நாரில்தான் இருக்கிறது. அழகுக்காக இழைப்புளி போட்டவர்கள் தூண்டிலைக் கெடுத்துக்கொண்டதுதான் மிச்சம். ஒரு முழத்துக்கு ஓர் இடமாகப் பருத்தி நூலை இரண்டு அங்குலம் நெருக்கமாகச் சுற்றி, அதன்மேல் வார்னிஷ் பூச வேண்டும். பிளவு ஓடாமல் இது தடுக்கும். நரம்பு ஓடுவதற்கு வளையம் வேண்டுமானால் பித்தளைக் கம்பியில் வளைத்து இந்த நூல்கட்டிலேயே சேர்த்துக் கட்டலாம். இரும்புக் கம்பி வேண்டாம். கைப்பிடிக்குச் சணல் கயிற்றைப் பசை தடவிச் சுற்றினால் ஈரக்கையிலும் வழுக்காது. கழி முழுவதற்கும் மூன்று தடவை மெல்லிய பூச்சு கொடுத்து, ஒவ்வொரு பூச்சும் நன்றாகக் காய்ந்தபின் அடுத்ததைப் பூச வேண்டும். மிதப்புக்கு நெட்டி இருக்கிறது. அது இல்லையென்றால் சோளத்தட்டையின் உள்சோறு இருக்கிறது.

வெளிநாட்டார் செய்வது இதைவிட நுணுக்கமான வேலை. அவர்கள் முழுக்கழியை வைப்பதில்லை. மூங்கிலை ஆறு பிளாச்சுகளாகப் பிளந்து, ஒவ்வொன்றையும் முக்கோணமாக இழைத்து, பட்டை வெளிப்பக்கம் வரும்படி ஆறையும் ஒன்றாக ஒட்டுகிறார்கள். கணுக்கள் ஒரே இடத்தில் சேராதபடி பிளாச்சுகளை ஏற்றி இறக்கி வைப்பார்கள். ஒட்டியபின் ஆறு பட்டை கொண்ட, உள்ளே வெற்றிடம் இல்லாத கோல் கிடைக்கும். நுனியில் வர வர அது தீக்குச்சிக் கனத்துக்கு இறங்கும். ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் சில பங்கு கூடினாலும் குறைந்தாலும் கோலின் வளைவு மாறும் என்பதால் அளவுக் கருவி வைத்துக்கொண்டு இழைக்கிறார்கள். நம் ஊர்த் தச்சருக்கு இது முடியாத வேலை அல்ல. ஆனால் முதல் தூண்டிலை முழுக்கழியில் செய்து பழகிவிட்டு இதில் இறங்குவதே உசிதம்.

இவ்வளவு சிரமம் எதற்கு என்றால், அது ஈத்தூண்டில். சாதாரணத் தூண்டிலில் இரையின் கனம் நரம்பை இழுத்துக்கொண்டு போகும். ஈத்தூண்டிலில் இரை என்பது முள்ளின்மேல் சிறகும் நூலும் கட்டிய பொய்ப்பூச்சி. அதற்குக் கனமே கிடையாது. கயிற்றைக் கனமாக வைத்து, அந்தக் கயிற்றையே வீசுகிறார்கள். ஏர் பிடித்தவருக்கு இது சாட்டை வீசுவது போலத்தான். ஒரே வித்தியாசம், சாட்டை சொடுக்க வேண்டும், இது சொடுக்கக் கூடாது. சொடுக்கினால் பூச்சி அறுந்து பறந்துவிடும். கயிறு முதுகுக்குப் பின்னால் முழுவதும் நீளும்வரை பொறுத்து, பிறகு முன்னே விட வேண்டும். மரக்காணம் கரையில் பிற்பகல் கடற்காற்று எழுந்துவிட்டால் இது நடக்காது, விடியற்காலைதான் நேரம்.

தமிழ்நாட்டில் ஈத்தூண்டில் வேரூன்றிய இடம் நீலகிரி. அங்கே டிரவுட் மீனை வளர்க்க 19-ஆம் நூற்றாண்டில் செய்த முயற்சிகள் பல வீணாயின. எச்.சி. வில்சன் என்பவர் எடுத்த முயற்சிதான் பலித்தது. 1907-இல் அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகம் ஏற்பட்டது. சமவெளியில் டிரவுட் வாழாது. அதற்காக ஈத்தூண்டில் இங்கே உதவாது என்று எண்ண வேண்டாம். சென்னை மாகாணத்தில் அதிகாரியாக இருந்த எச்.எஸ். தாமஸ் 1873-இல் இந்தியத் தூண்டில் மீன்பிடிப்பைப் பற்றிப் பெரிய நூல் எழுதியவர். ஏரி, குளங்களில் மீன் பிடிப்பதற்கென்றே பிற்பாடு தனி நூலும் எழுதினார். பொய்ப்பூச்சி கட்ட அந்நாளில் வெள்ளைக்காரர்கள் நம் சாம்பல் காட்டுக்கோழியின் கழுத்துச் சிறகைத் தேடி வாங்கினார்கள். இப்போது காட்டுக்கோழியைத் தொட்டால் வனவிலங்குச் சட்டப்படி தண்டனை உண்டு. வீட்டுச் சேவலின் கழுத்துச் சிறகே போதும்.

இரை விஷயத்தில் ஒரு வார்த்தை. விராலுக்குத் தவளையைக் கோர்க்கும் வழக்கம் இருக்கிறது. நெல்வயலில் பூச்சியைத் தின்று நமக்குக் கூலியில்லாமல் வேலை செய்யும் ஜீவன் அது. துணியில் தவளை போலச் செய்து இழுத்தாலும் விரால் பாயும். ஜிலேபிக்கு மண்புழு அல்லது மாவு உருண்டை. 1952-இல் நம் நாட்டுக்கு வந்த ஜிலேபி, குட்டைகளில் கணக்கின்றிப் பெருகி, எல்லாமே விரலளவில் நின்றுவிடுவதைப் பண்ணைக் குட்டை வைத்திருப்பவர்கள் பார்த்திருப்பார்கள். வாரம் இரண்டு நாள் பிள்ளைகள் தூண்டில் போட்டால் வீட்டுக்குக் குழம்பு ஆகும். குட்டையில் மிஞ்சும் மீனுக்கும் வளர இடம் கிடைக்கும். கெளுத்தியைக் கழற்றும்போது முதுகு முள்ளையும் பக்க முட்களையும் பார்த்துக்கொள்ள வேண்டும். குத்தினால் கை வீங்கும்.

எங்கே தூண்டில் போடலாம் என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். கழுவெளி 2021 டிசம்பரில் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டுவிட்டது. வானூர், மரக்காணம் வட்டங்களில் 5,000 ஹெக்டேருக்கு மேல் அதன் எல்லைக்குள் வருகிறது. முன்பு தாத்தா மீன் பிடித்த இடம்தானே என்று உள்ளே இறங்கிவிடாமல், வனத்துறையினரைக் கேட்டு எல்லையைத் தெரிந்துகொள்வது நல்லது. எந்தக் கரையானாலும் அறுந்த நரம்பை அங்கேயே எறிந்துவிட்டு வரக் கூடாது. நாரையின் காலில் சுற்றிக்கொண்டால் அது நின்ற இடத்திலேயே பட்டினி கிடந்து சாகும். ஆட்டுக்குட்டியின் வயிற்றில் போனாலும் ஆபத்துதான்.

நீளமான கோலைத் தோளில் நிமிர்த்திக்கொண்டு மின்கம்பிக்கு அடியில் நடக்கக் கூடாது. ஈர மூங்கிலில் மின்சாரம் பாயும்; கார்பன் தூண்டிலில் காய்ந்திருந்தாலே பாயும். கரம்பிலும் உப்பளத்து வரப்பிலும் தாழ்ந்து தொங்கும் கம்பிகள் உண்டு. கோலை நடுவில் வெட்டிப் பித்தளைக் குழாயால் பூட்டும்படி இரண்டு துண்டாகச் செய்துகொண்டால் இந்தத் தொல்லை இல்லை. பேருந்திலும் எடுத்துப் போகலாம்.

உப்புத் தண்ணீரில் பிடித்துவிட்டு வந்த அன்றே கோலை நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்துவிட வேண்டும். மழைநாளில் உப்பு மூட்டை கசிவதை உப்பளத்தில் வேலை செய்தவர்கள் அறிவார்கள்; கோலில் படிந்த உப்பும் அப்படியே ஈரத்தை இழுத்து வார்னிஷை உரிக்கும். முள்ளைத் துடைத்து ஒரு சொட்டு எண்ணெய் தடவி வைக்கலாம். கோலைச் சுவரில் சாய்த்து வைத்தால் வளைந்துபோகும். விட்டத்தில் நுனி கீழாகத் தொங்கவிட்டால், அடுப்புப் புகையும் படும், பூச்சியும் அண்டாது. வருஷத்துக்கு ஒரு முறை, உப்பு வேலை தொடங்குமுன், நூல்கட்டுகளைப் பார்த்துத் தளர்ந்ததை மட்டும் புதிதாகச் சுற்றி வார்னிஷ் பூசிவிட வேண்டும்.