பிள்ளையை அனுப்பலாமா?

"சேர், ஒக்டோபர் 21 இல் பிள்ளையை அனுப்பலாமா?" 2021 இல் வெலிமடையில் பெற்றோர் என்னிடம் கேட்டது இதுதான்.

200 க்குக் குறைந்த மாணவர்களுள்ள பாடசாலைகளின் ஆரம்பப் பிரிவுகளே முதலில் திறந்தன. பிள்ளைகள் குறைவென்றால் இடைவெளி விட்டு அமர்த்தலாம். அந்த வயதுச் சிறுவர்களுக்கு அப்போது தடுப்பூசி இருக்கவில்லை. வீட்டுப் பெரியவர்கள் ஏற்றிக்கொள்வதே அவர்களுக்கு அரணாக இருந்தது. காய்ச்சல், இருமல் இருந்தால் அனுப்பாதீர்கள் என்றேன். வீட்டில் தொற்று என்றால் மறைக்காமல் அதிபரிடம் சொல்லுங்கள் என்றேன்.

2020 மார்ச்சில் முதன்முறை மூடியபோது தரம் ஒன்றில் சேர்ந்து சில வாரங்களே ஆகியிருந்த பிள்ளை 2021 இல் தரம் இரண்டில் இருந்தது. தோட்டத்து லயத்தில் ஒரே போனில் மூன்று பிள்ளைகள் படித்தார்கள். பெயரெழுதவும் தடுமாறியவர்களைக் கண்டேன்.

எனக்கும் பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் என் மகளை அனுப்ப முடிவு செய்தேன்.