சாரயேவோ: தண்ணீர் வரிசையில் நின்ற தலைநகரம்

போஸ்னியாவின் தலைநகரான சாரயேவோ, நாலாபுறமும் மலை சூழ்ந்த பள்ளத்தாக்கு ஊர். 1984-ல் அங்கே குளிர்கால ஒலிம்பிக் நடந்தது. எட்டே ஆண்டுகளில் பனிச்சறுக்கு மலைகளில் பீரங்கிகள் ஏறின. யூகோஸ்லாவியாவிலிருந்து போஸ்னியா பிரிந்ததை ஏற்காத போஸ்னிய செர்பியப் படை, 1992 ஏப்ரலில் நகரை வளைத்தது. 1996 பிப்ரவரி 29 வரை, 1,425 நாட்கள் முற்றுகை நீடித்தது.

இத்தனை நாள் ஓர் ஊரின் கழுத்தை எப்படி நெரிக்க முடிந்தது? வீட்டுக் குழாயைப் பார்த்தால் புரியும். நகருக்குக் குடிநீர் தந்த கிணறுகள் மேற்கே இலிஜா பக்கம், முற்றுகையிட்டவர்கள் கையில் இருந்தன. தண்ணீரை ஏற்றும் மோட்டார்களுக்கு மின்சாரம் வேண்டும். மின்கம்பிகளும் அவர்கள் பிடியில்தான். அவர்கள் நிறுத்தினால் மூன்று லட்சம் பேருக்குச் சொட்டுத் தண்ணீர் கிடையாது.

நகரின் பழைய பீர் ஆலைக்குச் சொந்த ஊற்று இருந்தது. பிளாஸ்டிக் கேன்களோடு மக்கள் அங்கே மணிக்கணக்கில் காத்துக் கிடந்தார்கள். பனிக்காலத்தில் குழந்தைகளின் சறுக்குப் பலகையில் கேன்களைக் கட்டி இழுத்துவந்து, லிஃப்ட் ஓடாத அடுக்குமாடிகளில் படிப்படியாகத் தூக்கிப் போனார்கள். துணி அலசிய தண்ணீர் கழிவறைக்குப் போனது. கூட்டம் சேர்ந்த இடமெல்லாம் குறியானதுதான் கொடுமை. 1993 ஜூலை 12 அன்று டோப்ரின்யா என்ற நகர்ப்பகுதியில் தண்ணீருக்கு நின்றவர்கள் நடுவே குண்டு விழுந்தது. பத்துப் பேருக்கு மேல் இறந்தார்கள்.

வெளியுலகுக்கு வழி? விமான நிலையம் ஐ.நா. வசம் இருந்தது; ஓடுபாதையைக் குறுக்கே கடந்தவர்கள் முற்றுகைப் படையினரால் சுடப்பட்டார்கள். அதனால் அதன் அடியிலேயே சுமார் 800 மீட்டர் நீளத்துக்கு மண்வெட்டியால் சுரங்கம் தோண்டினார்கள். வளர்ந்தவர்கள் குனிந்துதான் நடக்க வேண்டும். மாவு, மருந்து, ஆயுதம், காயம்பட்டோர் எல்லாம் அவ்வழியே போய்வந்தன. பிறகு மின்கம்பியும் வந்தது. ராணுவ பலம் குறைந்த அந்த நகரம் விழாமல் நின்றதற்கு இந்தச் சுரங்கமே முதல் காரணம் என்பேன்.

நகரின் மார்க்காலே சந்தையில் 1994 பிப்ரவரி 5 அன்று ஒரே குண்டில் 68 பேர் மாண்டனர். 1995 ஆகஸ்டில் அதே சந்தையருகே 43 பேர். அதன்பிறகே நேட்டோ விமானங்கள் பெருமளவில் தாக்கின. அவ்வாண்டு இறுதியில் டேட்டன் அமைதி ஒப்பந்தம் கையெழுத்தானது.

முற்றுகைப் படைக்கு ஏறக்குறைய இரண்டாண்டு தலைமை தாங்கிய ஸ்தானிஸ்லாவ் காலிச்சுக்கு 2006-ல் ஹேக் சர்வதேசத் தீர்ப்பாயம் ஆயுள் தண்டனை விதித்தது. பொதுமக்களைக் கிலியில் ஆழ்த்துவதே அந்தத் தாக்குதல்களின் முதன்மை நோக்கம் என்பது நிரூபணமானது. வழக்கில் விசாரிக்கப்பட்ட குண்டுவீச்சுகளில் டோப்ரின்யாவின் தண்ணீர் வரிசையும் ஒன்று.