தரவு மையம் வந்தால் ஊருக்கு என்ன கிடைக்கும்? விசாகப்பட்டினம் திட்டமும் வர்ஜீனியாவின் அனுபவமும்

விசாகப்பட்டினத்தில் ஜிகாவாட் அளவிலான தரவு மையம் உள்ளிட்ட செயற்கை நுண்ணறிவு மையத்தை அமைக்க 5 ஆண்டுகளில் 15 பில்லியன் டாலர், அதாவது ஏறத்தாழ 1.3 லட்சம் கோடி ரூபாய் முதலீடு செய்யவிருப்பதாகக் கூகுள் நிறுவனம் 2025 அக்டோபர் 14 அன்று அறிவித்தது. அதானிகானெக்ஸ், ஏர்டெல் ஆகிய நிறுவனங்கள் இதில் இணைந்துள்ளன. இத்திட்டத்துக்காகத் தர்லுவாடா, அடவிவரம், ராம்பில்லி ஆகிய பகுதிகளில் இடங்கள் தேர்வு செய்யப்பட்டுள்ளன.

இந்தியாவுக்கு வரும் முதலீடு என்ற வகையில் இது மிகப் பெரிய தொகை. ஆனால் நிலம் கொடுக்கும் கிராமத்துக்கு அதில் எவ்வளவு சேரும் என்பது வேறு கணக்கு. வேலைவாய்ப்பு, வரி, மின்சாரம், தண்ணீர் ஆகியவற்றைத் தனித்தனியாகப் பார்த்தால்தான் அந்தக் கணக்கு புலப்படும்.

எத்தனை பேருக்கு வேலை?

தரவு மையம் என்பது ஆயிரக்கணக்கான சர்வர்கள் இரவு பகலாக இயங்கும் கட்டடம். அதைக் கட்டுவதற்கு ஆட்கள் பலர் தேவை. கட்டி முடித்த பின் இயக்குவதற்குச் சிலரே போதும். உலகிலேயே தரவு மையங்கள் மிகுதியாகக் குவிந்துள்ள அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில், சட்டமன்றத்தின் தணிக்கை ஆணையம் 2024 டிசம்பரில் வெளியிட்ட அறிக்கை இதைத் தெளிவாக்குகிறது. 2.5 லட்சம் சதுர அடி கொண்ட ஒரு மையத்தில் கட்டுமானம் உச்சத்தில் இருக்கும்போது சுமார் 1,500 பேர் பணியாற்றுகின்றனர். அது இயங்கத் தொடங்கிய பின் முழுநேரப் பணியாளர்கள் ஏறத்தாழ 50 பேர். அவர்களிலும் பாதிப்பேர் ஒப்பந்தப் பணியாளர்கள்.

வர்ஜீனியா முழுவதிலும் இத்துறையால் ஆண்டுதோறும் உருவாகும் நேரடி, மறைமுக வேலைகள் 74,000 என அதே அறிக்கை மதிப்பிட்டது. அவற்றில் பெரும்பகுதி கட்டுமானக் கட்டத்தைச் சார்ந்தவை. விசாகப்பட்டினம் திட்டத்தால் 2028 முதல் 2032 வரை ஆண்டுக்குச் சராசரியாக 1.88 லட்சம் நேரடி, மறைமுக வேலைகள் கிடைக்கும் என்பது ஆந்திர அரசின் மதிப்பீடு. இரு இடங்களின் கூலியும் கணக்கிடும் முறையும் வேறுபடும் என்பது உண்மைதான். ஆயினும், ஒரு மாநிலம் முழுவதற்குமான எண்ணிக்கையைப் போல் இரு மடங்குக்கும் மேற்பட்ட வேலைகளை ஒரே திட்டம் தரும் என்றால், அவற்றில் நிரந்தரமானவை எத்தனை, உள்ளூர் இளைஞர்களுக்கானவை எத்தனை என்ற கேள்வி எழுவது இயல்பு.

வரி யாருடைய கைக்குப் போகிறது?

வேலை குறைவு என்றாலும் தரவு மையங்களால் செழித்த ஊர்கள் உள்ளன. வர்ஜீனியாவின் லவுடன் மாவட்டம் அதற்குச் சான்று. அங்கு உள்ளாட்சி நிர்வாகம் கட்டடத்துக்கு மட்டுமன்றி, உள்ளே இருக்கும் கணினிக் கருவிகளுக்கும் ஆண்டுதோறும் வரி விதிக்கிறது. சர்வர்கள் விலை உயர்ந்தவை. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை புதிதாக மாற்றப்படுபவை. எனவே வருவாய் வற்றுவதில்லை. பத்தாண்டுகளுக்கு முன் 100 டாலர் மதிப்புள்ள வீட்டுச் சொத்துக்கு ஒரு டாலருக்கு மேல் இருந்த வரி, 2025-இல் 80.5 சென்டாகக் குறைக்கப்பட்டது. பள்ளிகளுக்கும் சாலைகளுக்கும் இந்த வருவாய்தான் கைகொடுக்கிறது.

இந்தியாவில் அந்த வழி இல்லை. அரசமைப்புச் சட்டத்தின் மாநிலப் பட்டியலில் 49-ஆவது இனம் நிலத்துக்கும் கட்டடத்துக்கும் வரி விதிக்க இடமளிக்கிறது. உள்ளாட்சிகளின் சொத்து வரிக்கு அதுவே அடிப்படை. கைப்பேசிக் கோபுரங்களையும் 'கட்டடம்' எனக் கருதி வரி வசூலிக்கலாம் என உச்ச நீதிமன்றம் 2016-இல் தீர்ப்பளித்தது. ஆனால் அடுக்கில் செருகப்பட்ட சர்வரைக் கட்டடம் என்று சொல்ல இயலாது. கருவிகள் மீதான ஜிஎஸ்டி மத்திய, மாநில அரசுகளுக்குச் சேர்வது; அதில் ஊராட்சிக்கு நேரடிப் பங்கு கிடையாது.

அந்த மாநிலப் பங்கும் சலுகையாகத் திரும்பிவிடக்கூடும். இத்திட்டத்துக்கு 22,000 கோடி ரூபாய் மதிப்பிலான சலுகைகள் தரப்படுவதாகவும், நிலத்திலும் தண்ணீர்க் கட்டணத்திலும் 25 விழுக்காடு தள்ளுபடி, மாநில ஜிஎஸ்டி முழுவதையும் திருப்பியளித்தல் ஆகியவை அவற்றில் அடங்கும் என்றும் கர்நாடக அமைச்சர் பிரியங்க் கார்கே விமர்சித்தார். ஆந்திர அமைச்சர் நாரா லோகேஷ் அதற்குப் பதிலடி கொடுத்தார். இரு மாநிலங்களின் போட்டியாகவே அந்த விவாதம் முடிந்துபோனது. ஊராட்சியின் பங்கு பேசப்படவில்லை.

மின்கட்டணம்

லவுடனின் வரி வருவாய்க்கு மறுபக்கமும் உண்டு. புதிய மின் நிலையங்களுக்கும் உயரழுத்தத் தடங்களுக்கும் ஆகும் செலவு எல்லா நுகர்வோர் மீதும் பரவுகிறது. இதனால் 2040-க்குள் ஒரு சராசரி வீட்டின் மாதச் செலவு, பணவீக்கம் நீங்கலாக, 14 முதல் 37 டாலர் வரை உயரலாம் என வர்ஜீனியா அறிக்கை எச்சரித்தது.

ஒஹாயோ மாநிலம் ஒரு தடுப்பைக் கண்டறிந்துள்ளது. 25 மெகாவாட்டுக்கு மேல் கேட்கும் புதிய தரவு மையங்கள், பயன்படுத்தினாலும் இல்லாவிட்டாலும், தாங்கள் கோரிய மின்சாரத்தில் குறைந்தது 85 விழுக்காட்டுக்குக் கட்டணம் செலுத்த வேண்டும் என அங்குள்ள மின்வாரியம் ஒன்றுக்கு ஒழுங்குமுறை ஆணையம் 2025 ஜூலையில் அனுமதி அளித்தது. இந்தியாவிலும் மின்கட்டணத்தை நிர்ணயிப்பவை மாநில மின்சார ஒழுங்குமுறை ஆணையங்கள்தாம். கட்டண விசாரணைகளில் பொதுமக்கள் மனு அளிக்கவும் உரிமை உண்டு.

தண்ணீர்

சர்வர்களின் வெப்பத்தைத் தணிக்கப் பல மையங்கள் நீரை ஆவியாக்குகின்றன. ஒரேகான் மாநிலத்தின் த டேல்ஸ் என்ற சிறு நகரில், கூகுள் மையங்களின் நீர்ப் பயன்பாட்டை வெளியிடக் கூடாது என்று நகர நிர்வாகமே நாளிதழ் ஒன்றுக்கு எதிராக வழக்குத் தொடுத்தது. 2022 டிசம்பரில் அந்த முயற்சியைக் கைவிட்டு விவரங்களை வெளியிட்டபோது, நகரின் மொத்த நீர்ப் பயன்பாட்டில் கால் பங்குக்கு மேல் அந்த மையங்களுக்கே சென்றது தெரியவந்தது.

விசாகப்பட்டினத்தின் குடிநீருக்கும் உருக்காலை உள்ளிட்ட தொழிற்சாலைகளுக்கும் ஏலேரு கால்வாய் முக்கிய ஆதாரம். தரவு மையத்துக்கு எந்த ஆதாரத்திலிருந்து நாளொன்றுக்கு எவ்வளவு நீர் வழங்கப்படும், வறட்சிக் காலத்தில் யாருக்கு முதலில் குறைக்கப்படும் என்பவை ஒப்பந்தத்தில் எழுதப்பட்டு, தர்லுவாடா கிராம சபையின் முன் வைக்கப்பட வேண்டிய விவரங்கள்.