குறைந்த மதிப்பெண்ணும் பல் மருத்துவப் படிப்பும்

ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரம் ஆகிய ஊர்களின் தோல் தொழில் குடும்பங்களில் தேர்வு முடிவு வந்ததும் எழும் வினா ஒன்றுண்டு: மதிப்பெண் குறைந்த பிள்ளை பல் மருத்துவத்திற்கு விண்ணப்பிக்கலாமா?

விண்ணப்பிக்கலாம் என்பதே நம் கருத்து. ஆயினும் விண்ணப்பிப்பது வேறு, சேர்வது வேறு.

நீட் தேர்வில் பிற்படுத்தப்பட்டோர்க்குரிய தகுதிக்கோடு 40 சதமானம். இதனை நூற்றுக்கு நாற்பது மதிப்பெண் என மயங்கி மனம் உடைவோர் பலர். தேர்வெழுதிய நூறு பேரில் நாற்பது பேரை முந்தினால் கோட்டைத் தொட்டோம் என்பதே பொருள். தமிழ்நாட்டில் 2007 முதல் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கென 3.5 விழுக்காடு ஒதுக்கீடும் உண்டு. எனினும் அரசுக் கல்லூரி இடத்திற்குக் கோட்டினும் மிக உயர்ந்த மதிப்பெண் வேண்டும். எஞ்சுவது தனியார் கல்லூரியே.

2020-21 கல்வியாண்டில் நாடெங்கும் ஏறத்தாழ 7,000 பல் மருத்துவ இடங்கள் காலியாக இருந்தன. உச்ச நீதிமன்றம் 2021 பிப்ரவரியில் அவ்வாண்டுக்கு மட்டும் தகுதிக்கோட்டை 10 சதமானம் தாழ்த்த ஆணையிட்டது. தனியார் கல்லூரிகள் கட்டணத்தைக் குறைக்கவும் எண்ணவேண்டும் என்றது. இடம் காலியாவதற்கு மதிப்பெண் மட்டுமே காரணமன்று என்பது இதனால் விளங்கும்.

படிப்பை எண்ணி அஞ்சவேண்டா. முதலாண்டின் உடற்கூற்றியல் கடினமே. ஆனால் மெழுகில் பல் செதுக்கும் பயிற்சிக்கு வேண்டிய பொறுமையான கை, தோல் வெட்டும் குடும்பத்துப் பிள்ளைக்குப் புதிதன்று! அஞ்சவேண்டியது ஐந்தாண்டுச் செலவை. வட்டிக் கடனை மார்க்கம் விலக்கிய நம் இல்லங்களில், வீட்டை விற்றுத்தான் கட்டணம் செலுத்த இயலுமெனில், கலந்தாய்வில் அவ்விடத்தை ஏற்காது விடுதலே நன்று. மறு ஆண்டும் நீட் எழுதலாம். அதுவரை உள்ளூர்க் கல்லூரியில் விலங்கியலோ வேதியியலோ பயிலலாம்.