கற்பிட்டி மணலில் டேலியா: மலைநாட்டுப் பூவுக்குக் கரையோரத்தில் கணக்குச் சரிவருமா?

வெங்காயமும் மிளகாயும் விலை விழுகின்ற ஒவ்வொரு போகத்திலும் "இனி வேறு எதைப் போடலாம்?" என்ற கேள்வி கற்பிட்டிக் குடாநாட்டில் எழுவது வழமை. அந்தக் கேள்விக்குப் பூச்செய்கை என்பதும் ஒரு பதிலாகச் சொல்லப்படுவதுண்டு. அதிலும் நுவரெலியா, பண்டாரவளைப் பக்கம் போய்வருபவர்கள் அங்கு வீட்டு வாசல்களில் சாப்பாட்டுக் கோப்பை அளவுக்குப் பூத்து நிற்கும் டேலியாவைக் கண்டு, நான்கு கிழங்கை வாங்கி வந்து வீட்டில் நட்டுப் பார்ப்பார்கள். பெரும்பாலும் கிழங்கு அழுகிவிடும். முளைத்தாலும் இலை மட்டும் செழித்து, மொட்டு விரியாமலே காய்ந்துபோகும். "இது நமது மண்ணுக்குச் சரிவராது" என்று அத்துடன் முடிவாகிவிடும்.

குறை மண்ணில் இல்லை. டேலியா மெக்சிகோ நாட்டின் மலைப் பகுதியைச் சேர்ந்த செடி. 1963 ஆம் ஆண்டு முதல் அந்நாட்டின் தேசிய மலரும் அதுவே. பகலில் நல்ல வெயில், இரவில் குளிர் என்பதே அதன் பழக்கம். கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,870 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் அது கிடைக்கின்றது. புத்தளத்தில் இரவிலும் சூடு தணிவதில்லை என்பதுதான் பிரச்சினை. பகல் வெயிலுக்கு நிழல் வலை கட்டலாம், இரவுச் சூட்டை எவராலும் குறைக்க முடியாது. எனவே ஆண்டு முழுவதும் பூ எடுக்கலாம் என்று யாராவது சொன்னால் அவரிடம் கிழங்கு வாங்காதீர்கள்.

எமது கரையில் இதற்கு இடம் தருகின்ற காலம் டிசம்பர் முதல் பெப்ரவரி வரையிலான மூன்று மாதங்கள்தான். இரவு ஓரளவு குளிர்ந்து வருவது அப்போதே. மே மாதம் தொடக்கம் வீசும் கச்சான் காற்றில் இந்தச் செடி தாக்குப்பிடிக்காது. தண்டு உள்ளே குழலாக இருப்பதால் ஒரே வீச்சில் முறிந்துவிடும். வாடைக்காற்றுக்கும் கூட வேலியோரம் கிடுகு மறைப்பு வேண்டும்.

ஆகவே பூக்கும் காலத்தை முதலில் முடிவுசெய்து, அங்கிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும். விதையிலிருந்து வளர்க்கும் குட்டை இனங்கள் ஏறத்தாழ மூன்று மாதத்தில் பூக்கும். டிசம்பர் நடுப்பகுதியில் சாடியில் பூ வேண்டுமானால் செப்டெம்பர் நடுப்பகுதியில் விதை போட்டாக வேண்டும். இந்தக் குட்டை இனங்களையே புதியவர்களுக்கு நாம் சிபாரிசு செய்வோம். பெரிய பூத் தரும் கிழங்கு இனங்கள் பார்க்க அழகுதான். ஆனால் வெப்பத்தை அவை பொறுப்பதில்லை, கிழங்கின் விலையும் அதிகம்.

கிழங்குதான் வாங்குவேன் என்பவர்கள் ஒரு விடயத்தைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். உருளைக்கிழங்கில் எங்கும் கண் இருக்கும். டேலியாவில் அப்படியல்ல. பழைய தண்டு இணைந்திருந்த கழுத்துப் பகுதியில் மட்டுமே முளைக் கண் உண்டு. அந்தக் கழுத்து முறிந்த கிழங்கு எவ்வளவு கொழுத்திருந்தாலும் முளைக்காது. நிறுத்து விற்கும் கிழங்கில் இப்படிப்பட்டவை கலந்திருந்தால் நட்டம் வாங்கியவருக்கே. ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துப் பார்த்து, கண் உள்ளதற்கு மட்டும் காசு கொடுப்பது நல்லது. வெளிநாட்டிலிருந்து தருவிக்க நினைப்பவர்கள், 1999 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் முன்கூட்டியே அனுமதி பெறாமல் பொதியை வரவழைத்தால் கட்டுநாயக்கவிலேயே அதை இழக்க நேரிடும்.

இனி நடுகை. கற்பிட்டி மணல் தண்ணீரைப் பிடித்து வைப்பதில்லை என்பது எல்லோரும் அறிந்ததே. டேலியாவுக்கு அது பாதி நன்மை, பாதி தீமை. கிழங்கு அழுகாது, ஆனால் மதியத்துக்குள் செடி வாடும். கூட்டெருவையும் தும்புத்தூளையும் மணலுடன் கலந்து பைகளில் நடுவதே சிறந்தது. மாதம்பை, நாத்தாண்டிப் பக்கத்துத் தும்பு ஆலைகளிலிருந்து தூள் எடுக்கலாம். ஆனால் கொண்டுவந்த கையோடு பாவிக்கக் கூடாது. தும்புத்தூளில் உப்பு இருக்கும். நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை ஊறவைத்துக் கழுவி வடித்த பின்னரே அது செடிக்கு உதவும். கிணற்று நீரையும் பரிசோதித்துக்கொள்ளுங்கள். களப்போரத்துக் கிணறுகள் கோடை முற்றும்போது உவர்ப்பது உண்டு. அந்தத் தண்ணீர் மிளகாயைக் காப்பாற்றினாலும் டேலியாவின் இலை ஓரத்தைக் கருக்கிவிடும்.

நாற்றுக்கு இரண்டு மூன்று சோடி உண்மையான இலைகள் வந்ததும் பெயர்த்து நடலாம். மாலை நேரத்தில், வேரைச் சுற்றிய மண் உதிராமல் எடுத்து நட்டு, நான்கைந்து நாட்களுக்குக் கிடுகு நிழலில் வைக்க வேண்டும். பிறகு காலை வெயில் படும்படியும் பிற்பகல் வெயில் படாதபடியும் மாற்ற வேண்டும். தாங்கு குச்சியை நடும்போதே ஊன்றிவிடுங்கள். பின்னர் குத்தினால் அது கிழங்கைத் துளைக்கும். கிழங்கை நட்டவர்கள் முளை வெளியே தெரியும்வரை ஈரம் இலேசாக இருந்தால் போதும் என்று பொறுமையாக இருக்க வேண்டும். தினமும் வாளி வாளியாக ஊற்றிக் கிழங்கை அழுகவிடுவதுதான் இங்கு அதிகம் நடப்பது. நான்கு சோடி இலை வந்ததும் நுனியைக் கிள்ளிவிட்டால் பக்கக் கிளைகள் வெடிக்கும், பூவின் எண்ணிக்கை கூடும்.

உரத்தில் எம்மவர்களுக்குக் கை தாராளம். கற்பிட்டியின் நிலக்கீழ் நீரில் நைத்திரேற்று மிகுந்திருப்பதைப் பல ஆண்டுகளாக ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டி வந்திருக்கின்றனர். வெங்காயத் தோட்டங்களுக்குக் கொட்டிய உரம் கிணற்றுக்கே திரும்பி வருகின்றது. அதாவது நீங்கள் யூரியா போடாமலே தண்ணீரில் யூரியா போகின்றது என்று வைத்துக்கொள்ளலாம். டேலியாவுக்கு நைத்திரசன் அதிகமானால் இலைதான் மிஞ்சும், பூ வராது. மொட்டுக் கட்டும் காலத்தில் பொட்டாசியமே தேவை. மிளகாய்த் தோட்டத்துக்கு அருகில் பைகளை அடுக்காமல் இருப்பதும் முக்கியம். அங்குள்ள பனிப்பூச்சியும் சிவப்புச் சிலந்தியும் இதற்கும் வந்து சேரும்.

இன்னொரு சங்கதியும் உண்டு. பகல் நேரம் குறுகும்போது டேலியா தன் பலத்தைக் கிழங்குக்கு அனுப்பிவிடும். டிசம்பரில் எமக்குப் பகல் பன்னிரண்டு மணித்தியாலத்துக்கும் குறைவு. வெளிநாட்டுப் பூச்செய்கையாளர்கள் நள்ளிரவில் சில மணித்தியாலம் மின்குமிழ் எரியவிட்டுச் செடியை ஏமாற்றுகின்றனர். செவ்வந்திக்குச் செய்வதும் இதுவே. சில எல்ஈடி குமிழ்கள் போதும் என்பதால் மின்கட்டணம் பெரிதாக வராது. ஆனாலும் அதைக் கணக்கில் சேர்த்தே ஆக வேண்டும்.

சரி, யார் வாங்குவார்கள்? வெட்டிய டேலியா பூச்சாடித் தண்ணீரில் நான்கைந்து நாட்களுக்கு மேல் நிற்பதில்லை, பயணத்திலும் இதழ் நசுங்கும். ரோஜாவையும் ஓர்கிட்டையும் போல அதைத் தூர இடத்துக்கு அனுப்பி விற்க முடியாது. இந்தக் குறைதான் உள்ளூர்க்காரனுக்குக் கிடைக்கும் ஒரே அனுகூலம். மலைநாட்டிலிருந்து நல்ல நிலையில் வந்து சேராத பூவைப் பக்கத்தில் வளர்ப்பவனால் அன்று காலையிலேயே வெட்டிக் கொடுக்க முடியும். கல்பிட்டி, ஆலங்குடாப் பக்கத்து ஹோட்டல்கள் ஒரு சந்தை. சிலாபம் முதல் கொச்சிக்கடை வரையிலான கத்தோலிக்க ஊர்களில் நத்தார் காலத்துச் சாடிச் செடிகள் அதைவிடப் பெரிய சந்தை. எமது திருமண வீடுகளை நம்புபவர்கள் நாட்காட்டியைப் பார்க்க வேண்டும். 2026, 2027 ஆகிய இரு ஆண்டுகளிலும் நோன்பு பெப்ரவரி, மார்ச் மாதங்களில் வருகின்றது. டேலியா பூக்கும் காலத்தின் கடைசிப் பகுதியில் கல்யாணம் இராது. 2028 இல் நோன்பு ஜனவரிக் கடைசியிலேயே தொடங்கிவிடும். எனவே டிசம்பரிலும் ஜனவரியிலும் விற்று முடிப்பதே புத்தி.

வெட்டுப்பூவை விடப் பூத்த சாடியாக விற்பது எமது அபிப்பிராயத்தில் மேலானது. விற்காத பூ மறுநாள் குப்பை, விற்காத சாடி இன்னும் இரு வாரம் கடையில் நிற்கும். கணக்குப் போடும்போது நூறு பைக்கு நூறு சாடி என்று போடாதீர்கள். முதல் வருடம் முப்பது நாற்பது போய்விடும் என்று வைத்து, மிஞ்சும் அறுபதின் விலையில் நூறு பையின் செலவும் கூலியும் வலையும் அடங்குகின்றதா என்று பாருங்கள். அடங்கினால் மட்டும் இறங்கலாம். நிழல் வலைக்குக் கடன் எடுப்பதானால், அந்த வலையின் கீழ் மீதி ஒன்பது மாதமும் என்ன வளர்ப்பது என்பதற்கும் பதில் இருக்க வேண்டும். மாரவில, வென்னப்புவைப் பகுதிகளில் வீட்டுத்தோட்டங்களிலேயே அலங்கார இலைச் செடிகள் வளர்க்கப்பட்டு ஏற்றுமதியாளர்களுக்குப் போகின்றன. இலங்கையின் மலர்ச்செய்கை ஏற்றுமதியில் பூவை விட இலைக்கே பெரும்பங்கு. அந்த இலைகள் எமது வெப்பத்துக்கு நன்கு பழகியவை.

பூத்து ஓய்ந்த பின் கிழங்கைச் சேமிப்பதில் பலர் ஏமாறுவர். எமது அறை வெப்பத்தில் அது ஒன்றில் சுருங்கும் அல்லது அழுகும். குளிர்சாதனப் பெட்டியின் மரக்கறித் தட்டில், உலர்ந்த தும்புத்தூளில் புதைத்துப் பத்து இருபது கிழங்கை வைக்கலாம். ஆயிரம் கிழங்கை அப்படி வைக்க முடியாது. பெருமளவில் செய்பவர்கள் ஒவ்வோர் ஆண்டும் புதிய விதை வாங்குவதையே செலவாகக் கொள்ள வேண்டும். அல்லது மலைநாட்டில் நம்பிக்கையான ஒரு நாற்றுப்பண்ணைக்காரரிடம் தாய்ச் செடிகளை வளர்க்கக் கொடுத்து, செப்டெம்பரில் வேர்விட்ட தண்டுகளாகத் தருவித்துக்கொள்ளலாம். அப்படிப் பேசுவதானால் ஜூன், ஜூலையிலேயே பேசி, எத்தனை, எந்த நிறம், எந்தத் திகதி என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டு வாரம் பிந்தினால் நத்தார் சந்தை தவறிவிடும்.